சேதாரம்

கொலுசுக்கு வெள்ளி தரும்போதே
முதலாளி எடை போட்டுத்தான் தருவார்.
திருப்பிக் கொடுக்கையில் குறைவதற்கும் ஒரு கணக்கு உண்டு.
நெருப்பில் போவது, அரத்தில் போவது,
விரல் ரேகைக்குள் போவது.
அதற்குமேல் குறைந்தால் என் கூலியில் பிடிப்பார்.

அமுதவல்லி அன்று சொன்ன பதிலில்
எவ்வளவு போனதென்று
இன்னும் நான் எடை போட்டு முடிக்கவில்லை.

வருவாய் ஆய்வாளர் பனங்காட்டுக்கு வந்தது
ஆவணியில், கரண்ட் போன ஒரு மதியம்.
அதற்கு முன்பும் ஒருவர் வந்திருக்கிறார், என் தாட்கோ கடனுக்கு.
அன்று சிலுவையைக் கழற்றி
அரிசி டிரம்முக்குள் புதைத்தவன் நான்.
சும்மா இருந்த ஆணியில்
மளிகைக்கடை முருகனை மாட்டினேன்.
வாரம் கழித்துத்தான் ஞாபகம் வந்து தோண்டி எடுத்தோம்.
அதுவரை சோற்றில் மர வாசம் அடித்தது என்பாள்.
எனக்கு அடிக்கவில்லை.

இந்த முறை அவளுக்கு வேலை.
ஐந்து ரோட்டுத் தனியார் ஆஸ்பத்திரியில்
எட்டு வருடம் ராத்திரி டியூட்டி பார்த்தவள் பெயர்
அரசாங்க நர்ஸ் பட்டியலில்.
டிரம் மூடியை நானே திறந்து வைத்திருந்தேன்.
அவள் மூடினாள்.

"இந்து ஆதிதிராவிடர்தானேம்மா?"
தலையை ஆட்டினால் போதும்.
வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.
"இல்லீங்க சார். ஞானஸ்நானம் வாங்கி ஒம்பது வருஷமாகுது."

அவர் பேனாவை மூடினார்.
சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.
"நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்.
யோசிச்சு வைம்மா" என்றார்.

கெட்ட மனிதராக இருந்திருக்கலாம் அவர்.
எனக்கு வசதியாக இருந்திருக்கும்.
அரை மணி நேரம் குடித்தார் அந்த டீயை.
திரும்பி வந்தபோது அதே பதில்.
எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு நான் கத்தியது பக்கத்துப் பட்டறைவரை கேட்டிருக்கும்.
அவள் பாத்திரம் தேய்த்தபடி சொன்னாள்:
"ரெண்டாவது தடவையும் ஒளிச்சு வெச்சா
எடுக்க மறந்துருவோமோன்னு பயமா இருந்துச்சு."

வேலை போனது கணக்கில் அடங்கும்.
அடங்காதது என் தம்பி.
இளமுருகு மாநகராட்சியில் உதவியாளன்.
அண்ணன் வேதமென்றால் தம்பி மட்டும் என்ன என்று
எவனோ மொட்டைக் கடிதம் போட்டான்.
விசாரணை இன்னும் நடக்கிறது.
கடைசியாக வாசலில் நின்றே பேசினான், செருப்பைக் கழற்றாமல்:
"அண்ணி நல்லவங்கதான்.
அந்த நல்லதுக்கு விலை எம் புள்ளைங்க சோறா?"

பதில் என்னிடம் இல்லை.
அவளிடமும் இல்லை. இருப்பதாக அவள் நடிக்கவுமில்லை.

புடம்போட்ட வெள்ளி ஆனாய் மகளே என்று
ஆராதனையில் ஆயர் அவளை வாழ்த்தினார்.
அவர் உருக்கிப் பார்த்ததில்லை.
குகையில் இருக்கும் வெள்ளியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.
புகையாய்ப் போனதை
ஊதியவன் நெஞ்சுதான் வாங்கிக்கொள்ளும்.

எனக்குத் தெரிந்த ஒன்றை ஆயருக்குச் சொல்லவில்லை.
வருடா வருடம் கிறிஸ்துமஸ் ராத்திரி
இளமுருகு ஏற்காடு பஸ் ஏறிவிடுவான்.
இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டினால்
அவனை யாரும் அறியாத ஒரு கோயில்,
கடைசிக்கு முந்தின பெஞ்ச்.
அங்கே அவன் பெயர் யோசேப்பு.

இந்த வருடம் அவள் சொன்னாள், மேலே போகலாம் என்று.
"அவன் எந்திரிச்சுப் போயிட்டா?"
"போகட்டும். நாம வந்தோம்னு தெரியுமில்ல."

பனி கதவுக்குள்ளும் நுழைந்துவிட்டிருந்தது.
கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம்.
முன்னால் அவன் முதுகு,
நான் வாங்கிக் கொடுத்த பழைய சாம்பல் மப்ளர்.
பாட்டுகள் முடிந்தன. பிரசங்கம் முடிந்தது.
அயலாரோடு சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் பீடத்திலிருந்து.
கோயில் முழுக்க ஆட்கள் திரும்பும் சலசலப்பு.

அவள் கையை நீட்டினாள்.
அவன் மப்ளரைச் சரிசெய்தான்.
இன்னொரு முறையும் சரிசெய்தான்.
நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.